பிழையென்று சொல்லுதலும் பிழையைக் காட்டுதலும்

மனிதன் எழுதிய நிரலை இயந்திரத்துக்கு ஏற்ற கட்டளைகளாக மாற்றித் தருவதே கம்பைலரின் தொழில் என்று பாடப்புத்தகங்கள் சொல்லுகின்றன. ஆனால் நிரல் எழுதுவதையே ஜீவனமாகக் கொண்டவர்களைக் கேட்டால், கம்பைலர் தங்களோடு பேசுகிற சந்தர்ப்பங்களில் பெரும்பாலானவை அது நிரலை ஏற்க மறுக்கிற சந்தர்ப்பங்களே என்று சொல்லுவார்கள். சரியான நிரல் கிடைத்தால் அது மௌனமாக வேலையை முடித்துவிடுகிறது. தவறான நிரலைக் கண்டால்தான் வாய் திறக்கிறது. அவ்வாறு வாய் திறக்கும்போது அது என்ன சொல்ல வேண்டும், எந்த இடத்தைச் சுட்ட வேண்டும், எழுதியவனின் உள்ளக்கருத்தை எவ்வளவு தூரம் யூகிக்கலாம் என்னும் கேள்விகள் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றன. அவற்றுக்குக் கிடைத்த விடைகளையும், அந்த விடைகள் பிரயோகத்துக்கு வர இத்தனை தாமதமானதன் காரணத்தையும் சற்று விஸ்தாரமாகப் பார்ப்போம்.

பிழைச்செய்திகள் பயன்படாமற்போவதற்கு அவற்றின் நடையே காரணம் என்பது பொதுவாக நிலவும் அபிப்பிராயம். வறண்ட சொற்கள், அதட்டுகிற தொனி, கம்பைலரை எழுதியவருக்கு மாத்திரமே விளங்கும் பரிபாஷை ஆகிய யாவும் குறைகள்தாம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மூலகாரணம் இவற்றுக்கு அப்பால் இருக்கிறது. எளிய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சி மொழியில் நிரல் எழுதப் பழகும் மாணவன் ஒருவன், மூன்றாம் வரியில் 'தொகை' என்னும் மாறியை அறிவித்து அதற்கு 5 என்ற மதிப்பையும் கொடுத்துவிட்டு, முடிவில் அரைப்புள்ளி வைக்க மறந்து, நான்காம் வரியில் அதை அச்சிடும் கட்டளையை எழுதுகிறான். சி மொழியின் இலக்கணத்தில் வரியின் முடிவுக்குத் தனிப்பொருள் கிடையாது; 5-க்குப் பிறகு அடுத்த வரியில் ஒரு கூட்டற்குறி வரலாம், காற்புள்ளி வந்து இன்னொரு மாறி தொடரலாம்; ஆகையால் மூன்றாம் வரி முடிந்த இடத்தில் கம்பைலருக்கு எந்தக் குற்றமும் தென்படுவதில்லை. நான்காம் வரியின் முதற்சொல்லைக் கண்ட பிறகே, இனி இது எவ்விதத்திலும் சரியான நிரலாக முடியாது என்று அது நிச்சயிக்கிறது. நிச்சயித்த இடத்தையே பிழை நேர்ந்த இடமென்று எழுதியும் விடுகிறது. மாணவன் நான்காம் வரியை எத்தனை முறை படித்தாலும் பிழை அகப்படப்போவதில்லை, ஏனென்றால் பிழை அங்கே இல்லை.

இதைக் கம்பைலர் எழுதியவரின் அசிரத்தை என்று தள்ளிவிட முடியாது. நிரலின் இலக்கணத்தைச் சரிபார்க்க 1965-இல் டொனால்டு கனூத் வகுத்த எல்ஆர் முறையின் பெருமைகளில் ஒன்று, நிரலை இடமிருந்து வலமாகப் படித்துச் செல்லும்போது, தவறென்று தீர்மானிக்கக்கூடிய முதற்சொல்லிலேயே அது நின்றுவிடும் என்பது. சித்தாந்தம் வாக்களிப்பது அவ்வளவே. கை தவறிய இடம் அதற்கு ஒரு சொல்லுக்கு முன்னும் இருக்கலாம், முந்நூறு வரிகளுக்கு முன்னும் இருக்கலாம். இச்சித்தாந்தத்தின் வழிவந்த கருவிகளில் பெரும் செல்வாக்குப் பெற்றது 1975-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் வெளியிட்ட 'யாக்'. ஒரு மொழியின் இலக்கணத்தை எழுதிக் கொடுத்தால், நிரல் அதற்கு இசைந்திருக்கிறதா என்று பார்க்கும் பார்சர் என்னும் பகுதியை அதுவே ஆக்கித் தரும். பிழை நேர்ந்தாலோ, வேறு ஏற்பாடு செய்யாதவரை, 'இலக்கணப் பிழை' என்று பொருள்படும் இரண்டு சொற்களோடு முடித்துக்கொள்ளும். தாலுகா கச்சேரியில் மனுவைப் படித்துப் பார்த்த குமாஸ்தா, எந்தப் பத்தியில் தாம் தடைப்பட்டோம் என்பது தமக்குத் தெரிந்திருந்தும், 'மனு சரியில்லை' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுப்பதற்கு இது ஒப்பாகும்.

தெரிந்திருந்தும் என்பதே இங்கே கவனிக்கத் தக்கது. நின்ற கணத்தில் பார்சருக்கு எத்தனையோ விஷயங்கள் தெரியும்: எந்த வாக்கியத்தின் நடுவில் இருக்கிறது, இதுவரை திறந்த அடைப்புக்குறிகளில் எவை மூடப்படவில்லை, இவ்விடத்தில் எந்தெந்தச் சொல் வந்திருந்தால் ஏற்றிருக்கும், கடைசியாக ஏற்றுக்கொண்ட சொல் எங்கே முடிந்தது என்பன எல்லாம் அதன் கைவசம் உண்டு. தீர்ப்பை மட்டும் அறிவித்துவிட்டுச் சாட்சியங்களை அது வீசி எறிந்துவிடுகிறது. இத்துறையின் வரலாற்றை ஊன்றிப் பார்த்தால், முன்னேற்றம் என்று சொல்லத்தக்க ஒவ்வொன்றும், வீசி எறியப்பட்ட ஏதோ ஒரு சாட்சியத்தைப் பாதுகாத்து எழுதியவனின் கண்முன் வைத்ததால் விளைந்தது என்பது புலனாகும்.

ஆரம்பகாலத்தின் நெருக்கடி வேறு வகையானது. 1960-களில் நிரல்களைத் துளையிட்ட அட்டைகளில் பதித்துக் கணிப்பொறி நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, மணிக்கணக்காகவும் சில இடங்களில் மறுநாள் வரையிலும் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். நினைவகம் அருமையான பொருளாயிருந்தமையால் பல கம்பைலர்கள் குறியீட்டு எண்ணை மட்டும் அச்சிட்டன. எண்ணின் பொருளைத் தடித்த கையேட்டில் தேடிக்கொள்ள வேண்டும். ஒரு பிழைக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டால் பத்துப் பிழைகளைத் திருத்தப் பத்து நாள் ஆகும் அல்லவா? ஆகவே முதற்பிழையில் நின்றுவிடாமல், எப்படியாவது சமாளித்து மேலே படித்து, ஒரே ஓட்டத்தில் இயன்றவரை எல்லாப் பிழைகளையும் சொல்லிவிட வேண்டும் என்பது அக்காலத்தவரின் இலட்சியமாயிற்று. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1965-இல் மாணவர்களுக்காக ஆக்கப்பட்ட 'வாட்ஃபார்' என்னும் ஃபோர்ட்ரான் கம்பைலரும், விஸ்கான்சினில் உருவாகி 1967-இல் அறிவிக்கப்பட்ட 'டிட்ரான்' கம்பைலரும் பிழை காட்டுவதையே தம் விசேஷமாகச் சொல்லிக்கொண்டன. கார்னெல் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். 1970-களில் வழங்கிய அவர்களுடைய பிஎல்/சி கம்பைலர் எந்த நிரலையும் நிராகரிப்பதே இல்லை. தவறு கண்ட இடத்தில் தானே திருத்தம் செய்துகொண்டு, திருத்தவே முடியாதவற்றைச் செய்தி அச்சிடும் வாக்கியங்களாக மாற்றிவைத்து, நிரலை எப்படியும் ஓட்டிக் காட்டிவிடும். காத்திருந்து பெற்ற ஓட்டம் வீணாகாமல் ஏதேனும் கற்றுக்கொள்ள வழி ஏற்பட்டது.

ஆனால் சமாளித்து மேலே செல்வதற்கும் ஒரு விலை உண்டு. ஓரிடத்தில் தவறாகச் சமாளித்த கம்பைலர், அதன் பயனாகப் பின்னால் வரும் நல்ல வரிகளையும் பிழையென்று கருதி, ஒரு மறதிக்கு நாற்பது செய்திகளை அடுக்கிவிடும். அவற்றில் முதலாவது மட்டுமே மெய், மற்றவை அதன் நிழல்கள். கணிப்பொறி முனையத்துக்கு எதிரே அமர்ந்து உடனுக்குடன் விடை பெறும் காலம் வந்தவுடன் இந்தப் பழைய இலட்சியத்தின் அவசியமே குறைந்துபோயிற்று. 1983-இல் வெளிவந்த டர்போ பாஸ்கல் அதைக் கூச்சமின்றிக் கைவிட்டு, முதற்பிழையைக் கண்டவுடன் நின்று, எழுதுபவனின் திரையில் அதே இடத்தில் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தியது. மறு ஓட்டத்துக்குச் சில விநாடிகளே ஆகுமென்றால் ஒரு பிழையைச் சொன்னால் போதும், இடத்தோடு சொன்னால் அதைவிடச் சிறப்பு என்ற இந்த எளிய முடிவு, பெரிய கம்பைலர்கள் பலவற்றின் கர்வத்தை அடக்கியிருக்க வேண்டும். அப்படி நடந்ததாகத் தெரியவில்லை.

எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. பயன்படுத்துபவனுக்குக் கம்பைலர் எதைச் சொல்ல வேண்டும் என்பதையே தலைப்பாகக் கொண்டு ஜேம்ஸ் ஹார்னிங் 1974-இல் விரிவுரை செய்தார். 'சட்டவிரோதம்', 'மரணப் பிழை' என்பன போன்ற ஆங்கிலச் சொற்களால் பயன்படுத்துபவனை மிரட்டலாகாது, குறிப்பாகவும் பரிகாரம் காட்டும் வகையிலும் பேச வேண்டும் என்று பென் ஷ்னைடர்மன் 1982-இல் எழுதினார். மறு ஆண்டே பி. ஜே. பிரவுன் இத்துறை புறக்கணிக்கப்பட்டு வருவதைச் சுட்டிக் கட்டுரை வெளியிட்டார். யாரும் மறுக்கவில்லை, பெரும்பாலோர் பின்பற்றவும் இல்லை. எழுத்துப்பிழையை எடுத்துக்கொண்டால் இந்த அலட்சியம் நன்றாக விளங்கும். தட்டெழுத்துப் பிழைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை, ஓர் எழுத்து மிகுதல், விடுபடுதல், மாறுதல், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறுதல் ஆகிய நான்கில் அடங்கும் என்று ஃபிரெட் டமெராவ் 1964-இலேயே காட்டினார். அதைக் கம்பைலரில் பிரயோகிக்கும் முறையை ஹோவார்டு மார்கன் 1970-இல் வெளியிட்டார். அவ்வாறிருக்க, பெருவழக்கிலுள்ள சி கம்பைலர்களில் 'நீங்கள் எண்ணியது இந்தப் பெயரா?' என்று கேட்கும் வழக்கம் 2010-ஐ ஒட்டித்தான் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் தாமதித்ததற்கு அறிவின் குறைவு காரணமன்று. வேகமான கட்டளைகளை ஆக்கித் தருவது வித்வத் என்றும், பிழைச்செய்தி எழுதுவது எடுபிடி வேலை என்றும் நிலவிய மனோபாவமே காரணம் என்பது என் துணிபு.

இலக்கணப் பிழைகளை விட்டு, எண், சொற்சரம் என்றாற்போன்ற மதிப்பின் வகை பொருந்தாத தரவினப் பிழைகளுக்கு வந்தால் சிக்கல் இரட்டிக்கிறது. ராபின் மில்னர் 1978-இல் விளக்கிய முறைப்படி, எழுதியவன் எங்கும் தரவினத்தைச் சொல்லாமலே கம்பைலர் அதை ஊகித்துக்கொள்ளும். ஒரு செயற்கூறு ஓரிடத்தில் எண்ணை வாங்குவதாகவும், வேறோரிடத்தில் சொற்சரத்தை வாங்குவதாகவும் எழுதப்பட்டிருந்தால், இரண்டும் முரண்படுகின்றன என்பது நிச்சயம். எது தவறு என்பதோ எழுதியவனுக்கு மட்டுமே தெரியும். கம்பைலர் எந்த இடத்தை இரண்டாவதாகப் படித்ததோ அதையே குற்றவாளியாக்குகிறது. படிக்கும் வரிசையை மாற்றினால் குற்றவாளியும் மாறிவிடுவான். ஒவ்வோர் ஊகமும் எந்தக் காரணத்தால் எழுந்தது என்பதை உடன் குறித்துவைத்துக்கொண்டு, முரண் நேரும்போது காரணங்களைக் காட்டலாம் என்று மிட்செல் வாண்ட் 1986-இல் சொன்னார். சாட்சியத்தைப் பாதுகாத்தல் என்று மேலே சொன்னதை இவ்வளவு தெளிவாக அதற்குமுன் எவரும் செயல்முறையாக்கியதாக நான் அறியேன்.

சி++ மொழியில் எந்தத் தரவினத்துக்கும் பொருந்துமாறு பொதுவாக எழுதப்படும் டெம்ப்ளேட்டுகள் விளைத்த அவதியை இத்துறையில் வெகு காலம் வேடிக்கையாகப் பேசிவந்தார்கள். மொழியோடு வரும் வரிசைப்படுத்தும் செயற்கூற்றுக்கு, தொகுப்பின் எந்த இடத்துக்கும் நேரே தாவிச் செல்லும் வசதி வேண்டும். இணைப்புப் பட்டியலிலோ ஒவ்வொன்றாகத்தான் நகர முடியும். இது தெரியாமல் ஒருவன் பட்டியலை அச்செயற்கூற்றுக்குக் கொடுத்தால், 'பட்டியலை இதனால் வரிசைப்படுத்த இயலாது' என்ற ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக, அவன் கண்ணாலும் கண்டிராத நூலகக் கோப்பு ஒன்றின் ஆழத்தில் ஏதோ ஒரு கழித்தல் குறி பொருந்தவில்லை என்ற செய்தி, பக்கம் பக்கமாக நீண்ட பெயர்களோடு வந்து விழும். தேவை இன்னது என்பதை அச்செயற்கூறு வாசலிலேயே அறிவித்திருந்தால் வாசலிலேயே தடுத்திருக்கலாம். அவ்வாறு அறிவிக்கும் 'கான்செப்ட்' என்னும் ஏற்பாடு, ஒருமுறை தரநூலின் வரைவிலிருந்து 2009-இல் நீக்கப்பட்டு, நெடிய விவாதத்துக்குப் பிறகு சி++20-இல்தான் இடம்பெற்றது. நல்ல பிழைச்செய்தியின் பொருட்டு மொழியின் இலக்கணத்தையே விரிக்க நேர்ந்ததற்கு இது சான்று.

2007-இல் ஆப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட கிளாங் கம்பைலர் நிலைமையை மாற்றியது. வரி எண்ணோடு திருப்தியடையாமல், மூல வரியையே அச்சிட்டு, பிழை தென்பட்ட எழுத்தின் கீழ் ஒரு குறியிட்டு, தொடர்புள்ள பகுதிகளுக்கு அடிக்கோடிட்டு, திருத்தம் தெளிவாயிருந்தால் அதையும் எழுதிக் காட்டியது. இதற்காக ஒவ்வொரு சொல்லின் இருப்பிடத்தையும் கடைசிவரை விடாமல் சுமந்து செல்லும்படி அதன் உள்ளமைப்பே வகுக்கப்பட்டிருந்தது. மூத்ததான ஜிசிசி கம்பைலரும் தானியங்கிக் கருவி ஆக்கித் தந்த பார்சர்களைக் கைவிட்டு, கையால் எழுதியவற்றை 2004-இல் சி++ மொழிக்கும் 2006-இல் சி மொழிக்கும் ஏற்றுக்கொண்டிருந்தது. வரியைக் காட்டிக் குறியிடும் வழக்கத்தை 2013-இல் அதுவும் மேற்கொண்டது. இப்போது அரைப்புள்ளியை மறந்த நம் மாணவன் கிளாங்கைப் பயன்படுத்தினால், மூன்றாம் வரியில் 5-க்கு அடுத்த வெற்றிடத்தின் கீழே குறி விழுகிறது. கடைசியாக ஏற்ற சொல் எங்கே முடிந்தது என்பதை மறவாமல் வைத்திருந்ததன் பலன் அது.

பைதான் மொழியின் கதை இதனினும் சுவையானது. நெளிவு அடைப்புக்குறி ஒன்றைத் திறந்து மூட மறந்தவனுக்கு, முன்பெல்லாம் அதற்குப் பின் வரும் குற்றமற்ற வரியொன்றைக் காட்டி 'செல்லாத இலக்கணம்' என்று சொல்லும் பைதான், 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பு முதல், அக்குறியைத் திறந்த வரியைக் காட்டி, இந்தக் குறி மூடப்படவே இல்லை என்று சொல்லுகிறது. 2020-இல் அம்மொழிக்குப் புதிய பார்சர் அமைந்தது இதற்கு வழிவகுத்தது. நிரல் சரியாயிருந்தால் அது ஒரே முறை படித்து முடித்துவிடும். தவறென்று கண்டால் மட்டும் இரண்டாம் முறை படிக்கும். அந்த இரண்டாம் முறையில், மனிதர் வழக்கமாகச் செய்யும் தவறுகளுக்கென்றே எழுதப்பட்ட விதிகளும் சேர்ந்துகொள்ளும். ஒப்பிடும் இடத்தில் இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றைச் சமக்குறி, முக்காற்புள்ளி விடுபட்ட நிபந்தனை வாக்கியம் ஆகியவற்றுக்குத் தனித்தனி விதி உண்டு. திணை வழு, பால் வழு முதலாக வழுக்களை ஏழாக வகுத்துப் பெயரிட்ட இலக்கண மரபில் வந்த நமக்கு, தவறுக்கும் விதி எழுதுவது புதுமையாகத் தோன்றாது.

எல்ம் மொழியை ஆக்கிய ஈவான் சப்லிக்கி 2015-இல் தம் கம்பைலரைத் தன்மையில் பேசவைத்தார். 'நான் இதை எதிர்பார்த்தேன், இதைக் கண்டேன்' என்று அது சொல்லும். பலரும் அந்த இனிய தொனியைப் பாராட்டினார்கள். எனக்குப் பாராட்டத் தோன்றுவது, எதிர்பார்த்ததையும் கண்டதையும் அது அருகருகே வைத்ததைத்தான். அதன் செல்வாக்கை ஒப்புக்கொண்ட ரஸ்ட் மொழியினர் 2016-இல் தங்கள் செய்திகளை மாற்றி அமைத்தார்கள். ரஸ்ட் மொழியில், ஒரு சொற்சரத்தை வேறொரு மாறிக்கு ஒப்படைத்துவிட்டால் முதல் மாறிக்கு அதன்மீது உரிமை போய்விடும். அதை மறந்து மீண்டும் பயன்படுத்தினால் கம்பைலர் மூன்று இடங்களைக் குறித்துக் காட்டும்: இந்த மாறியின் தரவினம் நகலெடுக்கப்படும் வகையைச் சேர்ந்ததன்று என்பது முதலாவது. மதிப்பு இங்கே கைமாறியது என்பது இரண்டாவது. கைமாறிய பிறகு இங்கே மீண்டும் கேட்கப்படுகிறது என்பது மூன்றாவது. இறுதியில், செலவு பொறுக்குமானால் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும், விரிவான விளக்கத்தைப் பெறுவதற்கான குறியீட்டு எண்ணும் வரும். பழைய கையேட்டு எண் கம்பைலருக்கு உள்ளேயே விளக்கத்தோடு குடியேறிவிட்டது. ஊகிப்பதற்கே இடமில்லாமல், தீர்ப்புக்கு ஆதாரமான மூன்று சாட்சியங்களும் வரிசையாக நிற்கின்றன.

ஊகம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு பழங்கதை உண்டு. வாரன் டீட்டெல்மேன் இன்டர்லிஸ்ப் என்னும் நிரலாக்க அமைப்பில் 'நான் எண்ணியதைச் செய்' என்ற பொருளுடைய திருத்தும் வசதி ஒன்றை ஏற்படுத்தினார்; அது அவருடைய தவறுகளுக்கே பொருந்தும், பிறர் தவறுகளைக் குட்டிச்சுவராக்கும் என்று சகாக்கள் குறைகூறினார்கள். கட்டளை வாங்கும் நிரலிலும் அதைச் சேர்த்துவைத்த காலத்தில், பழைய நகற்கோப்புகளை மட்டும் அழிக்கச் சொன்ன ஒருவருக்கு, அப்படிப்பட்ட கோப்பு எதுவும் இல்லாமையால், எல்லாக் கோப்புகளையும் அழிக்கச் சொன்னதாக அது எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டது என்று கதை வழங்குகிறது. கிளாங் ஆக்குவோர் இவ்விஷயத்தில் வகுத்துக்கொண்ட நியமம் எனக்கு மிகவும் உகந்தது: எழுதியவனின் கருத்து அதுவே என்பது மிகவும் நிச்சயமாயிருந்தாலன்றித் திருத்தம் சொல்லலாகாது, சொன்னால், அத்திருத்தம் செய்யப்பட்டதாகவே பாவித்துக் கம்பைலர் மேலே படிக்க வேண்டும். தன் யோசனைக்குத் தானே கட்டுப்படாதவன் யோசனை சொல்ல அருகதையற்றவன் அல்லவா?

இவ்வளவு பிரயத்தனமும் பயன் தருகிறதா என்று பரிசோதித்தவர்களின் முடிவுகள் ஒருமுகமாக இல்லை. கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவியோடு 56 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, நிரலர்கள் பிழைச்செய்தியைப் படிக்கவே செய்கிறார்கள், கண் நிலைக்கும் தடவைகளில் நூற்றுக்கு 13 முதல் 25 வரை அதன்மீதே விழுகின்றன, அதைப் படிப்பது நிரலைப் படிப்பதற்குச் சமமான சிரமமாயிருக்கிறது என்று கண்டது. நியூசிலாந்தில் 2014-இல் மாணவர்களுக்கான ஜாவா செய்திகளை விளக்கமாக மாற்றி எழுதிப் பார்த்தவர்கள் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றார்கள். 2016-இல் பிரெட் பெக்கர் அதே ஜாவாவில் அவ்வாறு செய்து, பிழைகள் குறைந்தன என்றார். 2011-இல் அமெரிக்க மாணவர்களைக் கவனித்த மார்சோவும் கூட்டாளிகளும், செய்தியிலுள்ள கலைச்சொற்கள் அவர்களுக்குப் பிடிபடவில்லை என்பதோடு, வண்ணமிட்டுக் காட்டிய பகுதியை, திருத்த வேண்டிய பகுதி இதுவே என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் கண்டார்கள். இக்கடைசி முடிவை நான் மற்றவற்றைவிடப் பெரிதாக மதிக்கிறேன். கம்பைலர் 'இங்கே நின்றேன்' என்ற பொருளில் இட்ட குறியை மாணவன் 'இங்கே மாற்று' என்று வாசிக்கிறான். நின்ற இடம் வேறு, பிழை நேர்ந்த இடம் வேறு என்பதைச் செய்தியே பிரித்துச் சொல்லாதவரை, வாக்கியங்களை எவ்வளவு இனிமையாக மாற்றினாலும் அவன் தவறான வரியையே கிண்டிக்கொண்டிருப்பான்.

ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களின் சிரமம் தனியானது. ஜிசிசியின் செய்திகள் பல மொழிகளில் பெயர்க்கப்படுகின்றன; 2009-இல் முத்து அண்ணாமலை எழுதி அறிவித்த எழில் போன்ற தமிழ் நிரல்மொழியும் நமக்கு உண்டு. மொழிபெயர்ப்பு வேண்டியதே, ஆனால் இணைய உதவிகளில் பெரும்பகுதி ஆங்கிலச் செய்தியின் சொற்களையே பற்றி நிற்பதால், பெயர்த்த செய்தியோடு மூலக் குறியீட்டு எண்ணும் இருந்தாலன்றி மாணவன் தனித்துவிடப்படுவான். வெற்றிடத்தின் கீழ் விழும் குறியோ எம்மொழியாருக்கும் ஒன்றே.

அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைக் கொண்டு பிழைச்செய்திகளுக்கு விளக்கம் எழுதுவிக்கிறார்கள். 2023-இல் வெளிவந்த ஆய்வுகள் அவ்விளக்கங்கள் பல வேளைகளில் தெளிவாயிருப்பதாகச் சொல்ல, 2024-இல் அவற்றை மாணவர் கையில் கொடுத்துச் சோதித்தவர்கள் அவை நடைமுறையில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று முடிவு கண்டார்கள். கம்பைலர் தவறான இடத்தைச் சொல்லி, அதற்கு இன்னொன்று சரளமாக உரை எழுதினால், உரையின் சரளத்தினால் இடம் சரியாகிவிடாது. கம்பைலர் தன் சாட்சியங்களை முழுமையாக எடுத்துவைத்தால் அம்மாதிரிகளும் அதனால் பயனடையும்.

ஜிசிசி, ரஸ்ட் ஆகியவற்றின் குறைப் பதிவேடுகளில், பிழைச்செய்தி தவறாகவோ தெளிவின்றியோ இருப்பதற்கென்று தனி வகையே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிரலையும், வந்த செய்தியையும், உண்மையில் தவறு இருந்த இடத்தையும் சேர்த்து எழுதினால் போதும், யாரும் அனுப்பலாம். கம்பைலர் தவறான வரியைக் காட்டி உங்கள் பொழுதை வீணாக்கினால், திருத்தி முடித்த கையோடு அந்த மூன்றையும் எழுதி அனுப்பிவிடுங்கள்.